சுவை தேடும் பயணம்

உணவு பசியைத் தீர்ப்பதோடு, அது விளைந்த மண்ணையும் அதை விளைவித்த மக்களின் உழைப்பையும் உண்பவருக்கு அறிமுகம் செய்கிறது. புதிய ஊர்களுக்குச் செல்வோர் அவ்வூரின் சிறப்புணவைத் தேடி உண்பது இன்று பெருவழக்காகியுள்ளது. இத்தேடல் தமிழருக்குப் புதிதன்று. பயண வழியையும் அவ்வழியில் கிடைக்கும் உணவையும் ஒருசேரப் பாடும் இலக்கிய வகையைச் சங்கப் புலவர்கள் படைத்துள்ளனர். அவ்விலக்கியம் கற்பிக்கும் பார்வையோடு பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடைந்து, அங்கு விளையும் சின்ன வெங்காயத்தைப் பற்றி அறிவோம்.

வழியும் விருந்தும்

பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையில் வாடி எதிர்ப்படும் மற்றொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாகும். அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய மூன்றும் செல்லும் வழியையும் இடையில் தங்கும் ஊர்களையும் அங்குக் கிடைக்கும் விருந்தையும் விரிவாகக் கூறுகின்றன.

நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைக் காட்டுகிறது. கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட குழல்மீனை விருந்தாகத் தருவர். வேலூரில் எயினர் குடியினர் புளியிட்டுச் சமைத்த சூடான சோற்றையும் ஆமான் இறைச்சியையும் அளிப்பர். வயல் சூழ்ந்த ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையோ முல்லை நிலத்தில் தினைச்சோற்றையும் பாலையும், வரகுச் சோற்றையும் அவரைப் பருப்பையும் காட்டுகிறது. அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்த மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் படைக்கப்படுகின்றன.

இவ்விருந்துகளை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கடற்கரையில் மீனும் காட்டில் வேட்டை இறைச்சியும் மேய்ச்சல் நிலத்தில் பாலும் வயலோரத்தில் நெல்லும் நண்டும் உணவாகின்றன. வழிச்செல்வோர் தாம் எந்நிலத்தில் நிற்கிறோம் என்பதை உண்கலத்தைக் கொண்டே உணரலாம். உணவைப் படைப்பவர் யார், அவர் செய்யும் தொழில் என்ன என்பனவற்றையும் புலவர்கள் மறவாமல் குறிப்பிடுகின்றனர்.

விருந்தை மட்டுமன்றிப் பசியையும் இவ்விலக்கியம் பாடுகிறது. கலைஞனின் வீட்டில் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்து உண்ணும் காட்சி சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. பின்னர் வரும் விருந்துகளின் அருமையை அக்காட்சியே நமக்கு உணர்த்துகிறது. உணவைப் போற்றுவோர் பசியையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டு பதிப்பித்தவர் உ.வே.சா. அவர் தம் இளமைக்காலத்தின் ஒரு பகுதியை அரியலூரிலும் குன்னத்திலும் கழித்தவர். அக்குன்னம் இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது. செட்டிகுளமும் அதே மாவட்டத்து ஊர்.

செட்டிகுளத்தின் சிறப்பு

செட்டிகுளத்தில் ஏகாம்பரேசுவரர் கோயிலும், குன்றின்மீது தண்டாயுதபாணி கோயிலும் உள்ளன. குன்றின்மேல் முருகன் கையில் கரும்பை ஏந்தி நிற்கிறார். கடவுளின் கையிலும் ஒரு விளைபொருளைக் கண்டு வணங்கும் இவ்வூரைச் சுற்றிலும் சின்ன வெங்காய வயல்கள் விரிந்துள்ளன. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் பகுதிகளுள் பெரம்பலூர் மாவட்டம் முதன்மையானது. அம்மாவட்டத்துள் இப்பயிருக்குப் பெயர்பெற்ற ஊர் செட்டிகுளம்.

உணவைத் தேடி இவ்வூருக்கு வருபவர், “இங்கு என்ன சிறப்பு?” என்று உணவகத்தில் கேட்டால் உடனே விடை கிடைப்பது அரிது. இவ்வூரின் சிறப்பு, உணவுப் பட்டியலில் தனிப்பெயரோடு இடம்பெறுவதன்று. சாம்பாரிலும் வற்றல் குழம்பிலும் முழுதாக வெந்து கிடப்பதும், பழைய சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் துணையாவதும், வடகமாக உலர்ந்து ஆண்டு முழுவதும் தாளிப்புக்கு மணம் தருவதும் அதுவே. எல்லா உணவிலும் கலந்திருப்பதால் அதன் ஊரை நாம் கேட்பதில்லை. திருவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவாவும், மணப்பாறை என்றதும் முறுக்கும் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் உண்ணும் வெங்காயத்தின் ஊரோ உண்பவருள் பலருக்குத் தெரிவதில்லை.

வயலும் பட்டறையும்

சின்ன வெங்காயத்தைப் பெரும்பாலும் விதை கொண்டு வளர்ப்பதில்லை. முன்பருவத்து விளைச்சலில் தேர்ந்தெடுத்த வெங்காயத்தையே மீண்டும் நடுகின்றனர். ஒரு எக்டேருக்கு ஏறத்தாழ 1500 கிலோ விதை வெங்காயம் தேவைப்படும். 45 செ.மீ. இடைவெளியில் பார் அமைத்து, அதன் இரு பக்கங்களிலும் 10 செ.மீ. இடைவெளியில் கையால் ஊன்றுவர். ஊன்றிய ஒவ்வொரு வெங்காயமும் மண்ணுக்குள் பல பிரிவுகளாகப் பெருகிக் கொத்தாகும். ஏறத்தாழ 65 முதல் 70 நாள்களில் தாள் பழுத்துச் சாயும்போது பயிர் அறுவடைக்கு வரும்.

நாள்கள் குறைவாயினும் இடர்கள் பல. ஈரம் மிகுந்தால் அழுகல் நோய் தாக்கும்; திருகல் நோய் வந்தால் இலைகள் சுருண்டு திருகிப் பயிர் நலியும். அறுவடையின்போது பெய்யும் ஒரு மழை, இரண்டு மாத உழைப்பையும் வீணாக்கிவிடும்.

பறித்த வெங்காயத்தை நன்கு உலர்த்திய பின் உழவர்கள் பட்டறையில் சேமிக்கின்றனர். தரையிலிருந்து சற்று உயர்த்தி அடித்தளம் அமைத்து, பக்கங்களில் காற்றுப் புகும்படி அடைத்து, மேலே தோகை அல்லது கீற்றால் கூரை வேய்ந்த நீண்ட, குறுகிய அமைப்பே பட்டறை. ஈரம் கீழிருந்து ஏறாமலும், வெயில் நேராகப் படாமலும், காற்று எப்பக்கமும் ஊடாடுமாறும் அது அமைந்துள்ளது. குறுகலாக அமைப்பதால் நடுவிலுள்ள வெங்காயத்துக்கும் காற்றுக் கிடைக்கிறது. மின்சாரமும் இயந்திரமும் இல்லாமல் சில மாதங்கள் வரை விளைபொருளைக் காக்கும் இவ்வமைப்பு, உழவர்களின் பட்டறிவில் விளைந்த பொறியியலாகும்.

பட்டறை சேமிப்பிடமாக இருப்பதோடு, உழவர் தம் வருவாயை முடிவு செய்யும் இடமாகவும் விளங்குகிறது. எல்லாருடைய வயலிலும் ஒரே நேரத்தில் அறுவடை நடக்கும்போது சந்தையில் விலை சரியும். அன்றே விற்றால் செலவிட்ட தொகைகூடத் திரும்பாமல் போகலாம். காத்திருந்தால் விலை ஏறலாம். ஆனால் நாள் செல்லச் செல்ல வெங்காயம் எடை குறையும், சில அழுகும், சில முளைக்கும். அடுத்த பருவத்துக்கான விதையும் அக்குவியலிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். எதை விற்பது, எதைக் காப்பது, எவ்வளவு நாள் பொறுப்பது என்னும் வினாக்களோடு உழவர் பட்டறையின் முன் நிற்கிறார். நாம் கடையில் கேட்கும் விலைக்குப் பின்னால் இத்தனை கணக்குகள் உள்ளன. விற்பனைக்குமுன் ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துத் தாளும் வேரும் நறுக்கித் தூய்மை செய்யும் பெண்களின் உழைப்பும் அவ்விலையில் அடங்கும்.

சுவையின் அறிவியல்

வெங்காயச் செடி மண்ணிலுள்ள கந்தகத்தை உறிஞ்சிச் சில சேர்மங்களாகத் தன்னுள் சேமிக்கிறது. அச்சேர்மங்களும் அல்லினேசு என்னும் நொதியும் செல்லுக்குள் தனித்தனியே இருக்கும். நறுக்கும்போதோ நசுக்கும்போதோ செல் சிதைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது தோன்றும் ஆவியே கண்ணில் நீரை வரவழைக்கிறது. காரச் சுவையும் இவ்வாறே பிறக்கிறது. வெப்பம் பட்டால் நொதி செயலிழந்து, காரம் அடங்கி, இனிப்பு மேலோங்குகிறது. சாம்பாரில் முழுதாக இட்ட சின்ன வெங்காயம் இனிப்பதும், பழைய சோற்றுக்குத் தட்டிப்போட்ட அதே வெங்காயம் சுள்ளென்று உறைப்பதும் இதனால்தான். நம் சமையலறையில் வழிவழியாகப் பின்பற்றப்படும் முறைகளுக்கு அறிவியல் தரும் விளக்கம் இது.

மண்ணின் இயல்பு சுவையை மாற்றும் என்பதற்கு அயல்நாட்டிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விளையும் வைடாலியா வெங்காயம் காரமின்றி இனிப்பது. அப்பகுதி மண்ணில் கந்தகம் குறைவாக இருப்பது அதற்கு முதன்மைக் காரணம். வேறிடத்தில் விளைந்தவற்றை அப்பெயரில் விற்பதைத் தடுக்க அம்மாநிலம் 1986ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. ஊரின் பெயர் உழவரின் உடைமை என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

தெரிந்து தெளிவோம்

ஒரு பொருளின் தரமும் புகழும் அது தோன்றிய இடத்தைச் சார்ந்திருக்குமாயின் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்படுகிறது. இந்தியாவில் இதற்கான சட்டம் 1999ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019ஆம் ஆண்டும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டும், மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டும் இக்குறியீட்டைப் பெற்றன.

நாம் செல்லும் வழி

இன்றைய உணவுப் பயணங்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற உணவகத்தின் வாயிலில் முடிந்துவிடுகின்றன. சுவைத்ததைப் படம் எடுத்துப் பகிர்வதோடு பயணம் நிறைவடைந்ததாகக் கருதுகிறோம். ஆற்றுப்படைப் புலவர்கள் காட்டிய வழி இன்னும் சற்றுத் தொலைவு செல்வது. உணவின் சுவையைக் கூறிய அவர்கள், அது விளைந்த நிலத்தையும் படைத்த மனிதரையும் உடன் கூறினர். உணவில்லாத வீட்டையும் மறைக்காமல் காட்டினர்.

அவ்வழியில் செல்வோர் உணவகத்தோடு நில்லாமல் வயலுக்கும் செல்வர். இது எந்த மண்ணில் விளைந்தது, யார் விளைவித்தார், அவருக்கு உரிய விலை கிடைத்ததா என்று கேட்பர். இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் உணவை வீணாக்கத் துணியமாட்டார். நம் வீட்டுச் சமையலறையில் சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது கண்ணில் நீர் வருவது இயற்கை. அப்போது செட்டிகுளத்துப் பட்டறையின் முன் விலைக்காகக் காத்திருக்கும் உழவரையும் நினைத்துப் பார்ப்போமாயின், சுவை தேடும் நம் பயணம் வீட்டிலிருந்தே தொடங்கிவிடும்.