ஸ்கேல் நுழையாத துளை

உருளையின் கன அளவையும் உயரத்தையும் தந்து ஆரத்தைக் கேட்கும் பள்ளிக்கூடக் கணக்கைப் பார்த்தால், தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை என்றுதான் தோன்றும். வாயின் குறுக்கே ஸ்கேலை வைத்து, வந்ததில் பாதியை எடுத்தால் ஆரம். இதற்கு எதற்கு வர்க்கமூலம்? நேர்ச்சுவர் உள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு இந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அங்கேயும் மையம் எங்கே என்று யாரும் புள்ளி வைத்துக் கொடுப்பதில்லை. ஸ்கேல் கொஞ்சம் ஒதுங்கினால் விட்டம் குறைந்துவிடும். விளிம்பின் மடிப்பு வேறு இடிக்கும். அதே டப்பாவில் ஒரு லிட்டர், அதாவது 1000 கன செ.மீ. தண்ணீர் ஊற்றுங்கள். அது 12.7 செ.மீ. உயரத்துக்கு நின்றால், 1000-ஐ 12.7-ஆல் வகுக்க, அடிப்பரப்பு சுமார் 78.7 சதுர செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 25. வர்க்கமூலம் 5, ஆரம் 5 செ.மீ. ஊற்றும்போது 20 மி.லி. வெளியே சிந்தியிருந்தாலும் விடை அரை மில்லிமீட்டர்தான் பிசகும். பலரும் அஞ்சும் வர்க்கமூலம், கன அளவில் நேர்ந்த 2 சதவீதப் பிழையை ஆரத்தில் 1 சதவீதமாகக் குறைத்துவிடுகிறது.

டப்பாவிலாவது ஸ்கேல் நுழையும். இயற்பியல் ஆய்வகத்தின் நுண்புழைக் குழாயில் ஊசி நுழைவதே கஷ்டம். அதற்குள் கொஞ்சம் பாதரசத்தை இழுத்து, அந்த இழையின் நீளத்தை அளந்து, பிறகு அதை வெளியே எடுத்து எடை போடுவார்கள். (பாதரசம் நச்சு, வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.) நீளம் 10 செ.மீ., எடை 1.07 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன செ.மீ. பாதரசம் 13.6 கிராம் என்பதால் கன அளவு 0.0787 கன செ.மீ. டப்பாவுக்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால் ஆரம் அரை மில்லிமீட்டர் என்று வருகிறது. நுண்ணோக்கியில் பார்த்தே அளக்கலாமே என்றால், அளக்கலாம், அளக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதில் தெரிவது குழாயின் வாய் மட்டும். உள்ளே துளை எப்படிப் போகிறது என்பது தெரியாது. பாதரசக் கணக்கு தருவதும் சராசரிதானே என்ற ஆட்சேபம் சரியானதே. இழையின் இரு முனைகளும் உருண்டு நிற்பதாலும் சிறு பிழை வரும். இழை நீளமாக இருந்தால் அது பொருட்டில்லை. சராசரிக்கும் வழி இருக்கிறது. எடை போடுமுன் இழையைக் குழாய்க்குள் மெல்ல நகர்த்திக்கொண்டே நீளத்தைக் கவனிக்க வேண்டும். 10 செ.மீ. இருந்தது ஓரிடத்தில் 10.4 ஆக நீண்டால், அங்கே ஆரம் 2 சதவீதம் ஒடுங்கியிருக்கிறது.