முத்து யாருடைய பிள்ளை?

தூத்துக்குடிக் கடலின் 'பார்'களில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். பிறகு 1973-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் அருகிலுள்ள வேப்பலோடையில் முத்தை வளர்த்தே எடுத்துக் காட்டினர். அந்த வளர்ப்பு முத்துக்குள் மரபியல் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது.

செல்லுக்குள் ஒரு நூல்

உயிரினங்களின் உடல் செல்களால் ஆனது. செல்லின் உட்கருவில் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. மனிதனுக்கு 23 ஜோடி. நம் முத்துச்சிப்பிக்கு 14 ஜோடி. ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்ற மிக நீண்ட மூலக்கூறு சுருண்டு கிடக்கிறது. ஒரு மனித செல்லின் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும்!

டி.என்.ஏ.வின் மொழியில் நான்கே எழுத்துகள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். புரதம் ஒன்றை ஆக்குவதற்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதியே பெரும்பாலும் ஜீன் எனப்படுகிறது. எல்லா எழுத்துகளும் சேர்ந்த முழுத் தொகுப்பு ஜீனோம். மனித ஜீனோமில் சுமார் 300 கோடி எழுத்துகளும், புரதம் ஆக்கும் ஜீன்கள் ஏறத்தாழ 20,000-மும் உண்டு. 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003-இல் நிறைவுற்றது. விடுபட்ட பகுதிகளும் 2022-க்குள் படிக்கப்பட்டன. முத்துச்சிப்பியின் ஜீனோமை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்டனர்.

ஒரே நூல், வேறு வேறு பக்கங்கள்

கண்ணின் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஒரே ஜீனோம்தான். ஆனால் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டுமே படிக்கிறது. சிப்பியின் ஓட்டை ஒட்டியுள்ள மெல்லிய சதைப்போர்வையைப் பாருங்கள். அதன் விளிம்புச் செல்கள் சில ஜீன்களை இயக்கி, கால்சியம் கார்பனேட்டைக் கால்சைட் படிகமாக அடுக்குகின்றன. உட்பகுதிச் செல்கள் வேறு ஜீன்களை இயக்கி, அதே பொருளை அரகோனைட் தகடுகளாக அடுக்குகின்றன. இத்தகடுகளின் பருமன் சுமார் அரை மைக்ரான், அதாவது ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவு. முத்தின் ஒளிர்வுக்கு இதுவே காரணம்.

இரண்டு தாய்கள்

முத்து வளர்ப்பவர் ஒரு சிப்பியின் போர்வையிலிருந்து சிறு துண்டு வெட்டுகிறார். அதை ஓட்டிலிருந்து கடைந்த மணியுடன் சேர்த்து மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைக்கிறார். துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகி, முத்துப்பொருளைச் சுரக்கின்றன. அப்படியானால் முத்து யாருடையது?

கருப்பு உதட்டுச் சிப்பி, வெள்ளி உதட்டுச் சிப்பி என்ற இரு இனங்களை மாற்றி ஒட்டிச் சோதித்தார்கள். முத்தின் நிறம் துண்டு தந்த சிப்பியையே பெரிதும் ஒத்திருந்தது. பையில் வேலை செய்தவை அதன் ஜீன்களே! வளர்க்கும் சிப்பி உணவும் இடமும் தருகிறது. முத்தின் பருமனில் அதற்கும் பங்குண்டு.

ஆகவே நல்ல முத்துக்கு நல்ல கொடைச் சிப்பி வேண்டும். தூத்துக்குடி நிலையத்தினர் 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கினர். ஆனால் சில பெற்றோரிடமிருந்தே தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு எடுத்தால் ஜீன் வகைகள் குறைந்துவிடும். புதிய நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகவே மடியக்கூடும். நாளைக்கு வேண்டிய ஜீன்கள் கடலடிப் பார்களில் வாழும் சிப்பிகளிடம் இருக்கலாம். மாணவர்களே, அந்தப் பார்களைக் காப்பது வருங்கால முத்துகளைக் காப்பதாகும்.