எஞ்சினுக்கு முன் அடிச்சட்டம்

தமிழாசிரியரிடம் விழா மலருக்குக் கட்டுரை வேண்டுவோர் காப்பியச் சுவையையோ இலக்கண நுட்பத்தையோ எதிர்பார்ப்பது இயல்பு. யாமோ இம்முறை பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் அடிச்சட்டத்தைப் பற்றி எழுதப் புகுகின்றோம். மலராசிரியர் பொறுத்தருள்வாராக.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது றக்வானையில் சிறியதொரு கராஜ் நடத்தி வருகின்றார். முன்னாளில் தோட்டத்துரை ஒருவர் ஓட்டிய ட்ரையம்ப் ஸ்பிட்பயர் கார் ஒன்று பல கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர்ப் பழைய வண்டிகளின் விலை ஏறியவாற்றை யாவரும் அறிவர். 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறந்த பின்னரும் அவர் தம் ஸ்பிட்பயரைக் கைவிட்டாரல்லர். சேமிப்பெல்லாம் அதிலேயே இட்டிருந்தார்.

“சேர், ஜப்பான் எஞ்சின் ஒன்று கிடைத்திருக்கிறது. பழையதைவிட இரண்டு மடங்கு பலம். அடுத்த மாதம் ஏற்றப் போகிறேன்” என்றார். அவ்வண்டியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு புலுத்தொட்டைக் கணவாய் வழியே தெனியாய வரை செல்லவேண்டும் என்பது அவர் ஆசை. அவ்வழியின் கொண்டையூசி வளைவுகளை அறிந்தவர்களுக்கு எமக்கு நேர்ந்த அச்சம் விளங்கும்.

எம் தந்தையார் தோட்டத்து லொறிகளைப் பழுதுபார்த்து வாழ்ந்தவர். பழைய வண்டி வாங்க நினைப்போருக்கு அவர் சொல்லும் சோதனை ஒன்றுண்டு: முன்சில்லு ஒன்றை அரையடிக் கட்டையின்மேல் ஏற்றி நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மாணவரையும் அவ்வாறே செய்யச் சொன்னோம். சில்லு கட்டையின்மேல் ஏறியதும் சாரதிப் பக்கக் கதவு முழுதும் மூடாது முட்டி நின்றது. “பூட்டுப் பழுது, சேர்” என்றார். கட்டையை நீக்கியபின் அதே கதவு ஒழுங்காக மூடிற்று. பழுது பூட்டில் இல்லை, வண்டியே முறுகிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். அது எம் தொழிலுக்கும் உரியதே. வலிமை என்பது முறியாதிருத்தல். விறைப்பு என்பது உருக்குலைந்து வளையாதிருத்தல். கயிறு வலிமையுடையது, விறைப்பற்றது. கண்ணாடி விறைப்புடையது, எளிதில் உடைவது. மாணவர், “செசி நல்ல பலம் சேர், உடையாது” என்று பன்முறை கூறினார். உடையாது என்பதை யாமும் ஒப்புக்கொண்டோம். வளையாதா என்பதே எம் கேள்வி.

வளைந்தால் வருங் கேடு யாதெனின், காரின் வில்லுகளும் அதிர்வுதாங்கிகளும் தாம் பொருந்தியிருக்கும் சட்டம் அசையாதது என்னும் நம்பிக்கையிலே அமைக்கப்பட்டவை. சட்டமே முறுகுமாயின் அதுவும் ஒரு வில்லாகிவிடும். ஆனால் அதனை அடக்க அதிர்வுதாங்கி கிடையாது. வளைவில் சாரதி திருப்பிய அளவுக்கும் சில்லுகள் நிலத்தைப் பற்றும் அளவுக்கும் இடையே பிசகு நேரும். எஞ்சினோ தண்டை ஒருபுறம் சுழற்றும்பொழுது தான் மறுபுறம் சாய முயலும். இம்முறுக்கு முதற் கியரில் மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகிச் சட்டத்தின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே தாங்கப்படும். இரு மடங்கு வலுவுள்ள எஞ்சினை ஏற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஸ்பிட்பயரின் பிறப்பும் இங்கு அறியத்தக்கது. 1959இல் ட்ரையம்ப் நிறுவனம் ஹெரல்ட் என்னுங் காரைத் தனி அடிச்சட்டத்துடன் வெளியிட்டது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரல்ட் என்று செய்யப்பட்டதும் அதுவே. அச்சட்டத்தைக் குறுக்கி, பக்கத் தண்டுகளை நீக்கி, 1962இல் ஸ்பிட்பயரை அமைத்தனர். நடுவே நெருங்கியோடும் இரு தண்டுகளே எஞ்சின. நீக்கிய தண்டுகளின் வேலையைக் கதவின் கீழ் நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பெட்டிகள் ஏற்றுக்கொண்டன. முதல் வண்டிகளின் எஞ்சின் 1147 கன சென்ரிமீற்றர், 63 பரிவலு. அவ்வளவுக்கு அந்த ஏற்பாடு போதியதே. சப்பிரகமுவ மழையில் முதலில் துருவேறுவதும் அப்பெட்டிகளே. ஆகவே ஸ்பிட்பயரின் கதவடியில் துரு காண்பது அழகுக் குறையன்று, முதுகெலும்பு நோய்.

இனி, பெட்டி என்றால் என்ன? மூங்கிற் குழாயைக் கையால் முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதே மூங்கிலை நீளவாட்டில் ஒரு கீறல் கீறிய பின்னர் முறுக்குங்கள், இளகிவிடும். ஒரு நார்கூடக் குறையவில்லை; வளையம் மூடியிருந்தது, திறந்துவிட்டது, அவ்வளவே. 3 அங்குல விட்டமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புக் குழாயை நெடுக அறுத்துவிடின் அதன் முறுக்கு விறைப்பு நானூறில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறையும் என்று கணக்குக் கூறும். துரு தின்ற பெட்டி அறுத்த குழாயேயாகும்.

குழாயின் பருமனும் பெரிது. தடிப்பு மாறாதிருக்க விட்டம் மட்டும் கூடினால் விறைப்பு விட்டத்தின் கனத்துக்கேற்பக் கூடும். இதற்கு ஏ.சி. கோப்ரா நல்ல சான்று. இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனத்தாரின் ஏஸ் காரில் 1962ஆம் ஆண்டு அமெரிக்கராகிய கரோல் ஷெல்பி ஃபோர்ட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவித்தார். அடிச்சட்டத்தின் முதன்மைக் குழாய்கள் 3 அங்குலம். 1965இல் 7 இலீற்றர் எஞ்சினுக்குச் சென்றபொழுது சட்டத்தையே புதிதாக வரைந்து குழாய்களை 4 அங்குலமாக்கினர். தடிப்பு ஒன்றாயின் விறைப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு. பெருஞ்செல்வமும் பொறியியலாளரும் உடையோரே சட்டத்தைத் திருத்திய பின்னரே பெரிய எஞ்சினை ஏற்றினர் என்று மாணவரிடம் கூறினோம். அவர் எஞ்சினை மூலையில் மரக்கட்டைமீது வைத்துச் சாக்கால் மூடினார்.

வேலை தொடங்குமுன் அளவு எடுத்தோம். உடலைக் கழற்றாமலே பின்புறத்தை அசையாது கட்டி, முன்புறத்தை நடுவில் ஒரு முனையில் தாங்கி, குறுக்கே கட்டிய வளையின் நுனியில், நடுவிலிருந்து 1 மீற்றர் தொலைவில், 50 கிலோ எடை தொங்கவிட்டோம். சட்டத்தில் பொருத்திய 1 மீற்றர்க் கோலின் நுனி 17 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நகர்ந்தால் ஒரு பாகை முறுக்கம் என்று கொள்ளலாம். சுவரில் பென்சிலாற் குறித்த அக்கோடு இன்றும் உள்ளது.

கதவடிப் பெட்டிகளை அறுக்குமுன் கதவு வாய்க்குக் குறுக்கே இரும்புக் கோல்களை ஒட்டிவைத்தல் இன்றியமையாதது. இல்லையேல் வண்டி நடுவில் தொய்ந்து, தொய்ந்த நிலையிலேயே ஒட்டுப்பட்டுவிடும். பற்றரியைக் கழற்றி, பெற்றோல் தாங்கியை வெளியே கொண்டுசென்ற பின்னரே வெல்டிங் தொடங்கல் வேண்டும். ஒரே மூச்சில் நெடுக ஒட்டினால் வெப்பத்தால் சட்டம் கோணும். இங்கொரு விரல், அங்கொரு விரல் என மாறிமாறி ஒட்டினோம். தண்டின்மேல் வைக்கும் பட்டைத் தகட்டின் முனையை நேராக வெட்டாது சரிவாக வெட்டுதல் நன்று. விறைப்பு திடீரென முடியும் இடத்திலேதான் வெடிப்புத் தோன்றும். தண்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளையிடலாகாது. பாரம் மிகுவது அங்கே. பெட்டியின் அடியில் நீர் வடியத் துளைகள் விட்டு உள்ளே மெழுகும் தெளித்தோம். இதனைச் செய்யாது மூடினால் எம்மூர் மழை சில ஆண்டுகளில் மீண்டும் வந்து கணக்குக் கேட்கும்.

தகட்டை அளவின்றிச் சேர்ப்பதும் பிழை. முன்புறம் பாரமேறினால் திருப்பம் மந்தமாகும். பின் அச்சையும் பார்த்தல் வேண்டும்: ஸ்பிட்பயர்ச் சட்டத்தின் வழிவந்த ஜி.ரி.6 காரை 1966இல் 2 இலீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் வெளியிட்ட நிறுவனத்தாரே, பின்சில்லுகள் வளைவில் உட்சாய்கின்றன என்ற குறை எழுந்தமையால் 1968இல் அப்பகுதியை மாற்ற நேர்ந்தது. தடுப்பான் வேலையும், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தைப் பதிவுசெய்யும் வேலையும் தனியே உள்ளன.

சென்ற விடுமுறையில் மீண்டும் கராஜுக்குச் சென்றோம். அதே அரையடிக் கட்டை, அதே முன்சில்லு. மாணவர் எதுவும் பேசாது சாரதிப் பக்கக் கதவை இரு விரல்களால் தள்ளினார். அது மூடிற்று. எஞ்சின் இன்னும் மூலையிலேயே சாக்கின்கீழ் இருந்தது.