யாரும் வாங்காத இசைத்தட்டு: 28 ஆண்டுக்குப் பின் வெளிநாட்டை ஆட வைத்தது!
மும்பை வாத்தியக்காரரின் அதிசயக் கதை

திருவேங்கடம்,-
திருவேங்கடம் பக்கம் கோவில் கொடை என்றால் மைக் செட் இல்லாமல் நடக்காது. முதலில் சாமி பாட்டு. ராத்திரி ஆக ஆக "டொம், டொம்" என்று ஒரே சீராக அடிக்கும் பாட்டு. இளவட்டங்கள் ஆடுவார்கள். பெருசுகள், "இதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று காதைப் பொத்துவார்கள்.

ஒரே சீராக அடிக்கும் இந்த மாதிரி ஆட்டப் பாட்டில் ஒரு வகைக்கு மேல்நாட்டில் "ஹவுஸ்" இசை என்று பெயர். அந்த ரகத்தை அமெரிக்கர்களுக்கு முன்பே நம் நாட்டுக்காரர் ஒருவர் வாசித்து விட்டார் என்றால் நம்புவீர்களா?

இதுபற்றிய விவரம் வருமாறு:-

குடோனில் பிறந்த பெயர்

அமெரிக்காவில் சிகாகோ நகரில் "வேர்ஹவுஸ்" என்று ஒரு நடன விடுதி இருந்தது. வேர்ஹவுஸ் என்றால் குடோன். அங்கே 1977 முதல் பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டு போட்டு ஆட வைத்தார். அந்த விடுதியின் பெயரில் இருந்துதான் "ஹவுஸ்" வந்தது என்பார்கள்.

1987 ஜனவரியில் சிகாகோக்காரர் ஸ்டீவ் "சில்க்" ஹர்லியின் "ஜாக் யுவர் பாடி" பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு "பியூச்சர்" என்ற 3 பேர் குழு "ஆசிட் டிராக்ஸ்" வெளியிட்டது. அதில் "குய்ங், குய்ங்" என்று நெளிந்த சத்தம், ஜப்பான் ரோலண்ட் கம்பெனியின் டி.பி.303 என்ற சின்னப் பெட்டியில் இருந்து வந்தது. சரியாக விற்காததால் கம்பெனியே தயாரிப்பை நிறுத்தி விட்ட பெட்டி அது. பையன்கள் அதைப் பழைய விலைக்கு வாங்கினார்கள்.

5 ஆண்டுக்கு முன்பே!

ஆனால் 1982-லேயே அதே பெட்டியை மும்பையில் ஒருவர் வாசித்து விட்டார். அவர் பெயர் சரண்ஜித் சிங். ஆர்.டி.பர்மன் போன்ற இசையமைப்பாளர்களின் இந்திப் பாட்டுகளுக்கு வாசித்தவர். படத்தில் பெயர் வருவது இசையமைப்பாளருக்கு. வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு சரி.

டிஸ்கோ அடியின் மேல் 10 ராகங்களை மிஷினில் வாசித்து அவர் ஒரு இசைத்தட்டு கொடுத்தார். வடக்கே யமன், பூபாலி, மால்கோன்ஸ் என்பார்கள். நம்ம ஊர் நாதசுரத்தில் கேட்கிற கல்யாணி, மோகனம், இந்தோளம்தான் அவை.  அடியில் "டொம், டொம்" என்று ஒரே சீரான தாளம்.

வாங்க ஆள் இல்லை. இசைத்தட்டு மூலையில் தூங்கியது.

டெல்லியில் கிடைத்தது

2002-ல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் அந்தப் பழைய இசைத்தட்டைக் கண்டெடுத்தார். கேட்டவர் திகைத்துப் போனார். 2010-ல் அது மறுபடி வெளிவந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள், "ஆசிட் ஹவுஸ் பிறந்தது சிகாகோவிலா, மும்பையிலா?" என்று விவாதம் நடத்தின.

சிகாகோ பையன்கள் இவரைக் காப்பி அடித்ததாகச் சொல்ல முடியாது. அவர்கள் இதைக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. ஒரே பெட்டி, இரண்டு ஊர். அங்கே வாங்க ஆள் இருந்தது, இங்கே இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

70 வயதைத் தாண்டிய பிறகு சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்தார். பேரப்பிள்ளை வயதுப் பையன்கள் ஆடினார்கள். 2015 ஜூலையில் அவர் மும்பையில் காலமானார்.

அடுத்த கொடையில் "டொம், டொம்" கேட்டால் காதைப் பொத்துமுன் ஒரு நிமிஷம் கவனியுங்கள். கச்சேரி மேடையின் ஓரத்தில் கீபோர்டு வாசிக்கிறவர் யார் என்று பெயரையும் கேட்டு வையுங்கள்!