ஈறு நோய்க்கும் மறதி நோய்க்கும் தொடர்பு உண்டா? ஆய்வுகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால், பலரும் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகின்றனர். வலி இல்லாததால் அது ஒரு நோயாகவே கருதப்படுவதில்லை. ஆனால், கவனிக்கப்படாத ஈறு நோய்க்கும், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற கருத்து மருத்துவ உலகில் தீவிரமாக ஆராயப்பட்டு வருகிறது.

இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. எனவே, தடுக்கக்கூடிய காரணம் ஏதேனும் உண்டா என்ற கேள்வி லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு முக்கியமானதாகிறது.

ஈறு நோய் எப்படித் தொடங்குகிறது?

வாயில் உள்ள பாக்டீரியாக்கள் பற்களின் மீது ஒட்டும் தன்மை கொண்ட மெல்லிய படலமாகப் படிகின்றன. இதை அன்றாடம் அகற்றாவிட்டால் இறுகிப் பற்காரையாக மாறுகிறது. ஈறு சிவந்து, வீங்கி, ரத்தம் கசியத் தொடங்குகிறது. இந்த முதல் கட்டத்தில் பற்களை முறையாகச் சுத்தம் செய்தால், ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ஈறு பல்லை விட்டு விலகி இடைவெளி உண்டாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. இழந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. உலகில் 100 கோடிக்கும் அதிகமானோர் கடுமையான ஈறு நோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார அமைப்பின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது.

வாயிலிருந்து மூளைக்கு என்ன வழி?

இரண்டு வழிகளை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். முதலாவது, அழற்சி. ஈறில் நீண்ட காலம் நீடிக்கும் அழற்சியால் உருவாகும் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து, மூளையின் நோய் எதிர்ப்பு செல்களையும் தூண்டக்கூடும். இரண்டாவது, பாக்டீரியாக்களே ரத்த ஓட்டத்தின் வழியாக மூளையை அடையக்கூடும் என்பது.

இரண்டாவது கருத்துக்கு வலு சேர்த்தது 2019-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியான ஆய்வு. ஈறு நோயுடன் தொடர்புடைய 'போர்பைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ்' என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சு நொதிகள், அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் கண்டறியப்பட்டன. எலிகளின் வாயில் இந்த பாக்டீரியாவைச் செலுத்தியபோது, அது மூளையை அடைந்ததுடன், அல்சைமர் நோயில் காணப்படும் அமிலாய்டு புரதத்தின் அளவும் அதிகரித்தது.

மனிதர்களிடம் கண்டது என்ன?

தைவானில் 2017-ல் வெளியான ஆய்வில், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ நாள்பட்ட ஈறு நோய் இருந்தவர்களுக்கு அல்சைமர் ஏற்படும் அபாயம், அது இல்லாதவர்களைக் காட்டிலும் சுமார் 1.7 மடங்கு அதிகமாக இருந்தது.

ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நினைவாற்றல் பாதிப்பு இல்லாத 172 பேரை நான்கு ஆண்டு இடைவெளியில் ஸ்கேன் செய்து ஒப்பிட்டனர். லேசான ஈறு நோய் உள்ளவர்களிடம், பற்கள் குறைவாக இருந்தால், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி வேகமாகச் சுருங்கியது. கடுமையான ஈறு நோய் உள்ளவர்களிடமோ, பற்கள் அதிகமாக இருந்தால் அந்தச் சுருக்கம் வேகமாக இருந்தது. பற்களைத் தக்கவைப்பது மட்டும் போதாது, அவற்றைத் தாங்கும் ஈறும் நலமாக இருக்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

காரணமா, விளைவா?

இங்குதான் கவனம் தேவை. இரண்டு நோய்கள் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. மறதி நோயின் மூளை மாற்றங்கள், அறிகுறிகள் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. அந்தக் காலத்திலேயே ஒருவர் பல் துலக்குவதில் அக்கறை குறைந்திருக்கலாம். அப்படியானால், ஈறு நோய் மறதி நோயின் காரணமல்ல, விளைவே ஆகும். புகைப்பழக்கம், நீரிழிவு, வறுமை ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணிகளாகவும் இருக்கலாம்.

பின்லாந்து ஆய்வாளர்கள் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்ட பகுப்பாய்வில், ஈறு மற்றும் பற்களின் நலம் குன்றியவர்களுக்கு மறதி நோய்க்கான வாய்ப்பு 21 சதவீதம் அதிகமாக இருந்தது. எனினும், இதில் காரணம் எது, விளைவு எது என்று பிரித்தறிவது கடினம் என அவர்களே எச்சரித்தனர்.

மேற்கண்ட பாக்டீரியாவின் நொதிகளைத் தடுக்கும் மருந்து ஒன்று, லேசான மற்றும் மிதமான அல்சைமர் உள்ள 643 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2021-ல் வெளியான முடிவின்படி, நோயின் வேகத்தைக் குறைக்கும் முதன்மை இலக்கை அது எட்டவில்லை. மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளை 2024-ல் பட்டியலிட்ட 'லான்செட்' ஆணையமும் ஈறு நோயை அதில் சேர்க்கவில்லை. நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன.

ஆகவே, பல் துலக்கினால் மறதி நோய் வராது என்று யாரேனும் உறுதி கூறினால், அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஈறில் ரத்தம் கசிபவருக்கெல்லாம் மறதி நோய் வரும் என்று அஞ்சவும் தேவையில்லை.

இந்தியாவில் ஏன் அலட்சியம் கூடாது?

நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. நீரிழிவு ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. ஈறு நோயோ ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்குச் சிகிச்சை பெற்றால் சர்க்கரை அளவும் ஓரளவு குறைகிறது. மறதி நோய்த் தொடர்பு நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் ஈறைக் கவனிக்க இந்த ஒரு காரணமே போதும்.

மகாராஷ்டிரத்தில் 'மிஷ்ரி', பிகாரில் 'குல்' என, புகையிலை கலந்த பொருட்களால் பல் துலக்கும் வழக்கமும் நீடிக்கிறது. புகையிலை ஈறைச் சிதைக்கிறது. புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், நோய் முற்றும் வரை அறியாமல் போகும் வாய்ப்பும் உண்டு.

பராமரிப்போர் கவனத்திற்கு

மறதி நோய் உள்ளவர்களுக்குப் பல் வலியைச் சொல்லத் தெரியாமல் போகலாம். உணவை மறுப்பது, கன்னத்தை அடிக்கடி தொடுவது, காரணமின்றி எரிச்சலடைவது ஆகியவற்றை மறதி நோயின் குணமாக மட்டும் எண்ணிவிடாமல், வாயையும் பார்க்க வேண்டும். வாயில் பெருகும் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா ஏற்படும் அபாயமும் உண்டு.

* பிரஷைக் கையில் கொடுத்து, தாமே துலக்க ஊக்குவிக்கவும். முடியாத நிலையில் மட்டும் உதவவும்.
* எதிரே நின்று நீங்களும் பல் துலக்கிக் காட்டினால், அவர்கள் அதைப் பார்த்துச் செய்வது எளிது.
* பல்செட்டை நாள்தோறும் சுத்தம் செய்து, இரவில் கழற்றி வைக்கவும்.
* நோயின் தொடக்கத்திலேயே, அவர்கள் ஒத்துழைக்கும் நிலையில் இருக்கும்போதே, தேவையான பல் சிகிச்சைகளை முடித்துவிடவும்.

மற்ற அனைவரும், மென்மையான பிரஷும் ஃபுளூரைடு பேஸ்டும் கொண்டு நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பல் துலக்க வேண்டும். பற்களின் இடுக்குகளையும் சுத்தம் செய்ய வேண்டும். ரத்தக் கசிவு, நீங்காத வாய் துர்நாற்றம், ஈறு கீழிறங்குதல், பல் ஆட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரை அணுக வேண்டும்.

ஈறு நோய் மறதி நோய்க்குக் காரணமாக இருந்தால், இன்றைய கவனிப்பு நாளைய நினைவாற்றலைக் காக்க உதவலாம். மறதி நோயின் விளைவாக இருந்தால், முதியவரின் வாய் நலம் குன்றுவது குடும்பத்தினருக்கு ஒரு முன்னறிவிப்பாகலாம். ஆய்வு முடிவு எதுவாக இருப்பினும், வீட்டில் செய்ய வேண்டிய கடமை மாறப்போவதில்லை.