சாவி தொலைந்த சக்கரப் பூட்டு

பழைய கார் வாங்கும் நம்மவர்கள் என்ஜினைக் கேட்டுப் பார்க்கிறார்கள்; கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள்; ஆர்.சி. புத்தகத்தை எழுத்தெண்ணிப் படிக்கிறார்கள். சக்கரப் பூட்டின் சாவி எங்கே என்று கேட்பவர் அரிது. விடுமுறைக்குச் செம்பூரிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு காரிலேயே ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளமையால், இச்சிறு பொருளைப் பற்றி எழுதுவது அவசியம் எனக் கருதுகிறோம்.

ஒவ்வொரு சக்கரத்தையும் பிணைக்கும் நான்கைந்து திருகாணிகளில் ஒன்றின் தலை மட்டும் அறுகோணமாக இராமல், பூவிதழ் போலவோ நெளிநெளியாகவோ வெட்டப்பட்டிருக்கும். அதற்கு இணையாக வெட்டிய சிறு எஃகுத் துண்டே சாவி. அதைப் பொருத்தி ஸ்பானரால் திருப்பினால்தான் ஆணி கழலும். குர்லாவில் உருவாகி, 2023 அக்டோபர் வரை இந்நகரில் ஓடிய பிரீமியர் பத்மினி டாக்சிகளுக்கு இத்தொல்லை இல்லை. அந்த இரும்புச் சக்கரத்துக்குப் பூட்டு எதற்கு? விலையுயர்ந்த அலாய் சக்கரங்களைக் காக்கவே இது. வோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி முதலிய வண்டிகள் சிலவற்றில் காணலாம்.

சாவி இல்லையெனில் முதலில் நன்றாகத் தேடுங்கள். ஸ்டெப்னிக்கு அடியிலுள்ள கருவிப் பை, டேஷ்போர்டுப் பெட்டி, பிறகு கடைசியாக டயர் மாற்றிய கடை. வேலை முடிந்ததும் அது கடைக்காரரின் ஸ்பானரோடு தங்கிவிடுவதுண்டு. கிடைக்காவிடில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குச் செல்லலாம். சாவியின் எண் குறித்த சீட்டு இருந்தால் புதிது தருவிக்க இயலும். சீட்டும் இல்லையேல், பல வடிவச் சாவிகள் அடங்கிய பெட்டி வைத்திருக்கும் பணிமனையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார்கள். ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கட்டும். பூட்டைக் கழற்றச் சொல்பவரைச் சற்றே சந்தேகிப்பது அவர்கள் பிழையன்று.

இவ்வழிகளும் அடைபட்டால் பலப்பிரயோகந்தான். சக்கரம் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் இவ்வேலை கூடவே கூடாது. கைப்பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பக்கத்து ஆணிகளைச் சிறிது இறுக்கினால் பூட்டாணியின் மீதுள்ள அழுத்தம் குறையும். பிறகு ஆணித்தலையைவிட இம்மியளவு சிறிய, பன்னிரு முனைச் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, நீண்ட கைப்பிடியால் இடப்புறமாக நிதானமாகத் திருப்ப வேண்டும். வோக்ஸ்வாகன் வண்டிகளுக்குப் பொதுவாக விதித்த இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர்க் கம்பியின் நுனியில் ஏறத்தாழ 12 கிலோ பளு. டயர் கடையின் காற்றுத் துப்பாக்கியோ அதைவிட மிகுதியாக முறுக்கிவிடக் கூடும். அதற்குமேல் நம் கடற்காற்றும் ஆடி மழையும் ஏற்றும் துரு வேறு!

சில பூட்டுகளில் தலையைச் சுற்றி ஒரு வளையம் தானே சுழலும். சாக்கெட் பிடித்தாலும் வளையமே சுற்றும், ஆணி அசையாது. அதற்கு வேறு கருவிகள் உள்ள பட்டறையே கதி. கெட்டிப்படுத்திய எஃகை உளியால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கலாம். அலாயும் விரிசல் விடலாம். கேஸ் விளக்கால் சூடேற்றுவேன் என்பவரிடம் வண்டியை விடவே வேண்டாம். காற்றடைத்த டயர் சூட்டினால் வெடித்தால் அருகிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து.

ஆதலின் இதைப் புறப்படுமுன் மும்பையிலேயே முடித்துவிடுக. கோலாப்பூரைத் தாண்டி, இருட்டில், தூங்கும் குழந்தைகளோடு பஞ்சராகி நிற்கும்போது உளியும் சுத்தியலுமாக ஒருவர் வந்தால், வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வராது. பூட்டு நான்கு சக்கரத்திலும் உண்டு. நான்கையும் கழற்றச் சொல்லுங்கள்.

அவற்றிற்குப் பதிலாகச் சாதாரண ஆணிகளே போதும். ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோய், மரையும் நீளமும் அடிவளைவும் ஒத்திட்டு வாங்க வேண்டும். வோக்ஸ்வாகன் ஆணியின் அடிப்பாகம் உருண்டை. கூம்பு வடிவ ஆணி அதில் சரியாக அமராது. நீளம் கூடினால் உட்புறத்தில் இடிக்கலாம். குறைந்தால் பிடிப்புப் போதாது. பிரயாணத்தன்று லோனாவ்லாவில் தேநீருக்கு நிறுத்தும்போது, நான்கு சக்கரங்களிலும் ஸ்பானர் போட்டு இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.