கட்டணம் இல்லாத கல்லூரிக்கும் செலவு உண்டு

அமெரிக்காவில் மிகக் குறைந்த கட்டணம் வாங்குபவை சமுதாயக் கல்லூரிகள்தாம். உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில் இருக்கிறது. நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் வாங்குவதில் இது பாதிகூட இல்லை. பல மாநிலங்கள் இந்தக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டங்களைக் கொண்டுவந்துவிட்டன. அப்படியிருந்தும், முழுநேரமாகச் சேர்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே மூன்று ஆண்டுகளில் பட்டம் பெறுகிறார்கள். கதவு திறந்திருக்கிறது, கட்டணமும் குறைவு. பிறகு எதனால் பாதியில் நிற்கிறார்கள்? இந்தக் கேள்விக்குச் சில மாநிலங்களும் ஒரு பெருநகரமும் கண்ட விடைகள் நம் கவனத்துக்கு உரியவை.

யாருக்கான கல்லூரி?

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஆறு மாணவர்களோடு தொடங்கிய கல்லூரியே இன்றும் இயங்கும் இவ்வகை அரசுக் கல்லூரிகளில் மூத்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947இல், ஊருக்கு ஊர் இத்தகைய கல்லூரிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நாடு முழுவதும் சுமார் ஆயிரம் இருக்கின்றன.

பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரும் சேரலாம். மதிப்பெண் போட்டி கிடையாது. செவிலியர் படிப்பு, வெல்டிங், கணினி என்று தொழில் கற்று வேலைக்குப் போகலாம். இரண்டாண்டு அசோசியேட் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் பகுதிநேரமாகப் படிப்பவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். ‘சமுதாயக் கல்லூரி’ என்ற இதே பெயரில் 1995இல் புதுவையிலும் பிறகு சென்னையிலும் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. நம்மூரில் அவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சியோடு நின்றுவிட்டன. அமெரிக்காவிலோ ஏழை மாணவர்கள் உயர்கல்விக்குள் நுழையும் முதன்மை வழியே இதுதான்.

நாலாயிரமும் இருபதாயிரமும்

வீட்டு வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, புத்தகம் எல்லாவற்றையும் கூட்டினால் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு ஆண்டுச் செலவு சுமார் 20,000 டாலரைத் தொடுகிறது. அதாவது கட்டணம் ஐந்தில் ஒரு பங்குதான்.

கலிஃபோர்னியாவைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். 116 கல்லூரிகளைக் கொண்ட அந்த மாநிலத்தில் 2012 முதல் ஒரு கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) 46 டாலர்தான் கட்டணம். அசோசியேட் பட்டத்துக்கு வேண்டிய 60 கிரெடிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர் ஆகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் தள்ளுபடி. ஆனால் வாடகை கழுத்தை நெரிக்கிறது. தங்க இடமில்லாமல் காரிலேயே உறங்கும் மாணவர்களுக்காக, லாங் பீச் சிட்டி கல்லூரி 2021இல் இரவு நேரப் பாதுகாப்போடு தன் வளாக வாகன நிறுத்துமிடத்தைத் திறந்துவிட வேண்டியிருந்தது. கட்டண ரசீதில் பூஜ்யம் என்று அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும் இந்த மாணவர்களால் படித்துவிட முடியாது.

டென்னசியின் வாக்குறுதி

கட்டணத்தை நீக்குவதில் பெரிய அடி எடுத்துவைத்தது டென்னசி. நாக்ஸ் கவுண்டியில் 2008இல் சிறிய அளவில் தொடங்கிய முயற்சியை, ஆளுநர் பில் ஹாஸ்லம் 2014இல் மாநிலச் சட்டமாக்கினார். ‘டென்னசி ப்ராமிஸ்’ என்ற அந்தத் திட்டத்துக்கு லாட்டரி வருவாயிலிருந்து பணம் வருகிறது. 2015இல் முதல் அணி மாணவர்கள் சேர்ந்தபோது, சமுதாயக் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அதிபர் ஒபாமா நாக்ஸ்வில்லுக்கு வந்து, நாடு முழுவதற்கும் இதை முன்மொழிந்தார். அது சட்டமாகவில்லை. பைடன் ஆட்சியில் மீண்டும் எழுந்த முயற்சியும் 2021இல் கைவிடப்பட்டது. எனவே சுமை மாநிலங்களின் தோளிலேயே இருக்கிறது.

டென்னசியின் வெற்றிக்குப் பணத்தைவிடச் செய்தியின் எளிமை பெரிய காரணம். உதவித்தொகை விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ள ஆளில்லாத வீட்டுக்கும் ‘கட்டணம் இல்லை’ என்ற ஒரு வரி போய்ச் சேர்ந்தது. கூடவே, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தன்னார்வ வழிகாட்டி; விண்ணப்பக் கெடு நெருங்கும்போது நினைவூட்டுவது அவர் பொறுப்பு. மாணவரும் செமஸ்டருக்கு 8 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும்.

ஆனால் திட்டத்தின் அமைப்பிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. கூட்டரசின் ‘பெல்’ உதவித்தொகையையும் மற்ற உதவிகளையும் கழித்த பிறகு மிஞ்சும் கட்டணத்தை மட்டுமே மாநிலம் கட்டும். மிக ஏழை மாணவருக்குப் பெல் தொகையே ஆண்டுக்கு 7,395 டாலர் வரை கிடைக்கும். கட்டணத்தை அதுவே அடைத்துவிடுவதால், மாநிலத்திடமிருந்து அவருக்குப் புதிதாக ஒரு காசும் வராது. பெல் பெறும் தகுதியில்லாத நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கோ முழுக் கட்டணமும் கிடைக்கும். மிகத் தேவையுள்ளவருக்கு மிகக் குறைவாகக் கொடுக்கும் ஏற்பாடு இது.

நியூ மெக்சிகோ 2022இல் வரிசையை மாற்றிப்போட்டது. மாநிலம் முதலில் கட்டணத்தைக் கட்டிவிடுகிறது. பெல் தொகை முழுவதும் வாடகைக்கும் புத்தகத்துக்கும் மாணவர் கையில் மிஞ்சுகிறது. யார் முதலில் கட்டுவது என்ற இந்தச் சின்ன மாற்றம்தான் ஏழை மாணவருக்கு எல்லாவற்றையும் மாற்றுகிறது.

நியூயார்க் செய்து காட்டியது

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் ‘ஏசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மிஞ்சும் கட்டணத்தை அது கட்டுகிறது. பாடப்புத்தகத்துக்கு உதவுகிறது. பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் மாதப் பயணச்சீட்டு தருகிறது. மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும், தன் ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும். பிற இடங்களில் ஓர் ஆலோசகர் பல நூறு மாணவர்களைக் கவனிக்க, இங்கே அறுபது முதல் எண்பது பேரை மட்டும் கவனித்தார். அதனால் வகுப்புக்கு வராத மாணவரைத் தேடிப்பிடித்து, வேலை நேரச் சிக்கலா, வீட்டுச் சிக்கலா என்று கேட்க அவருக்கு நேரம் இருந்தது.

எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம், குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து இதைச் சோதித்தது. மூன்று ஆண்டுகளில் ஏசாப் மாணவர்களில் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர். திட்டத்தில் இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினரே பெற்றனர். ஒஹாயோவின் மூன்று கல்லூரிகள் இதைப் பின்பற்றியபோதும் பட்டம் பெறுவோர் விகிதம் ஏறக்குறைய இரு மடங்கானது. மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு ஏசாப்பில் அதிகம்தான். ஆனால் முடிப்பவர் தொகை கூடியதால், பட்டம் ஒன்றுக்கு ஆன செலவு குறைந்தது.

பணம் கொடுத்தும் தீராதவை

முதல் தடை படிவம். கூட்டரசு உதவிக்கான விண்ணப்பத்தில் முன்பு 108 கேள்விகள் இருந்தன. 2024–25 கல்வியாண்டுக்கு அதை அதிகபட்சம் 46 ஆகக் குறைத்தார்கள். நல்ல சீர்திருத்தம், ஆனால் படிவம் தாமதமாக வெளிவந்து, கோளாறுகளும் சேர்ந்துகொண்டதால் அந்த ஆண்டு மாணவர்கள் பெரிதும் அவதிப்பட்டார்கள்.

அடுத்தது, கிரெடிட் தராத அடிப்படைக் கணித, ஆங்கில வகுப்புகள். நுழைவுச் சோதனையில் தடுமாறியவர்களை இவற்றில் உட்காரவைப்பது வழக்கம். உதவித்தொகை கரையும், பட்டம் நெருங்காது. டென்னசி 2015இல் இந்த முறையை மாற்றியது. கலிஃபோர்னியா 2017இல் சட்டம் இயற்றியது. மாணவரை நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, கூடவே துணை வகுப்பு கொடுப்பதே புதிய முறை.

புத்தகச் சுமையைக் குறைக்க, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ 2012 முதல் இலவசப் பாடநூல்களை வெளியிடுகிறது. வர்ஜீனியாவின் டைட்வாட்டர் கல்லூரி 2013இல், புத்தகமே வாங்காமல் முடிக்கக்கூடிய பட்டப்படிப்பைத் தொடங்கியது.

கடைசித் தடை பல்கலைக்கழக வாசலில் நிற்கிறது. கல்லூரி மாறும் மாணவர்கள் ஏற்கெனவே பெற்ற கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று கூட்டரசின் தணிக்கை அமைப்பு 2017இல் மதிப்பிட்டது. இலவசமாகப் படித்த பாடத்தை, பிறகு காசு கொடுத்து மறுபடி படிக்கும் நிலை இது.

எதை அளப்பது?

சேர்க்கை எண்ணிக்கையை வைத்து ஒரு திட்டத்தைப் பாராட்டுவது எளிது. முதல் ஆண்டிலேயே அது கூடிவிடும். ஆனால் பாதியில் நிற்கும் மாணவர் அரைக்கிணறு தாண்டியவர். அவர் செலவிட்ட காலமும் பட்ட கடனும் மிச்சம். பட்டம் இல்லாததால் நல்ல வேலையும் இல்லை. எனவே பொதுப் பணத்தை, எத்தனை பேர் முடித்தார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும். அப்படி அளந்தால் முன்னுரிமை தானே தெளிவாகும்: கட்டணத்தை மாநிலம் முதலில் கட்டி, ஏழை மாணவரின் உதவித்தொகையை அவர் கையிலேயே விட வேண்டும். பயணச்சீட்டையும் புத்தகத்தையும் கல்விச் செலவாகவே கருத வேண்டும். ஆலோசகர்களை நியமிக்கும் பணத்தை நிர்வாகச் செலவு என்று வெட்டக் கூடாது. மாநிலத்தின் எந்தக் கல்லூரியில் பெற்ற கிரெடிட்டையும் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கச் சட்டம் வேண்டும். இவை ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நடைமுறையில் இருப்பவைதாம். எல்லாவற்றையும் ஒரே மாணவருக்கு ஒருசேரக் கொடுக்கத் துணியும் அரசே, இலவசக் கல்வி தருவதாகச் சொல்லிக்கொள்ளத் தகுதியுடையது.